பேய் வீடும் பிள்ளை மனமும்

பழைய வீடொன்று பூட்டிக் கிடந்தால், அதில் ஒரு பேயைக் குடிவைக்காமல் நம்மவர்க்கு உறக்கம் வராது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை அடுத்த கலிடோனியாத் தோட்டத்தில், செம்பனைகளுக்கு நடுவே பாழடைந்து நிற்கும் "தொண்ணூற்றொன்பது கதவு பங்களா"வை இப்பக்கத்தில் அறியாதார் யார்? ராம்ஸ்டன் என்னும் வெள்ளைக்காரக் குடும்பத்தாரின் மாளிகை அது. கரும்புத் தோட்டமாயிருந்து பின்னர் ரப்பர்த் தோட்டமாக மாறிய நிலத்தை அதிலிருந்தே அவர்கள் ஆண்டனர். யுத்த காலத்தில் ஜப்பானியர் அதில் தங்கினர் என்பர். 1948-ம் ஆண்டில், நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், முதலாளி ஜான் ராம்ஸ்டன் அவ்வீட்டினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவு போதாதா? துரையின் ஆவி மாடிப்படியில் நடக்கிறது என்பார் ஒருவர். தலையில்லாச் சிப்பாய் உலவுகிறான் என்பார் மற்றொருவர். ஆனால், அத்தோட்டத்தில் கரும்பு வெட்டியும் பால்மரம் சீவியும் மாண்டுபோன நம் கூலி மக்களில் ஒருவரேனும் அங்கு ஆவியாய் உலவுவதாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆவியாவதற்கும் ஓர் அந்தஸ்து வேண்டும்போலும்!

நிற்க. பேய் உண்டா இல்லையா என்று வாதிப்பது இங்கு என் நோக்கமன்று. இல்லை, அவ்வளவே. இல்லாத பேயைக் காண்பவர் உண்மையில் எதைக் காண்கிறார் என்பதே நான் கேட்கும் கேள்வி. இதற்கு ஓரளவு விடை கூறிய படம் ஒன்று உண்டு. 1993-ம் ஆண்டில் பாசில் இயக்கி, மது முட்டம் கதை எழுதி, மலையாளத்தில் வெளிவந்த "மணிச்சித்திரத்தாழ்" என்பதே அது. அதில் நடித்த ஷோபனாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஆலப்புழைப் பக்கத்து முட்டம் என்னும் ஊரில், ஆலும்மூட்டில் என்ற பழங்குடும்பத்து வீட்டில் முன்னாளில் நேர்ந்த கொலைதான் கதைக்கு வித்து என்பர்.

நகுலன் என்பவன் கல்கத்தாவிலிருந்து மனைவி கங்காவுடன் தன் முன்னோரின் மாடம்பள்ளி வீட்டிற்கு வருகிறான். அங்குப் பூட்டிய அறை ஒன்று. அதனுள், தஞ்சாவூரிலிருந்து கொணரப்பட்டு, காதலனைப் பிரிக்கப்பட்டு, வீட்டுத் தலைவனால் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியக்காரியின் ஆவி அடைபட்டிருக்கிறதாம். கங்கா அவ்வறையைத் திறக்கிறாள். பிறகு வீட்டில் பொருள்கள் உடைகின்றன. இரவில் சலங்கை ஒலிக்கிறது. வீட்டார் வேறொரு பெண்ணைச் சந்தேகிக்கின்றனர். மனநோய் மருத்துவன் ஒருவன் வந்து, நாகவல்லியாய் ஆடுபவள் கங்காவே என்று காண்கிறான்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசுகிறது. அதையே தமிழில் "சந்திரமுகி" என்று 2005-ம் ஆண்டில் எடுத்தபோது, பேய் தெலுங்கு பேசிற்று. இந்தியில் 2007-ம் ஆண்டில் எடுத்தார்கள், பேய் வங்காளியாயிற்று. எந்த வீட்டாரும் தம் வீட்டுப் பேய் தம் சாதி சனம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அயலூரிலிருந்து வந்தவளே பேயாகிறாள். வீட்டார் எப்போதும் குற்றமற்றவர்!

ஆயினும் மலையாளப் படம் இக்குற்றத்தை மெல்ல வீட்டாரிடமே திருப்புகிறது. மருத்துவன் கங்காவின் ஊருக்குச் சென்று விசாரிக்கிறான். சிறு பெண்ணாயிருந்தபோது பெற்றோர் அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கல்கத்தாவிற்குப் போய்விட்டனர். பாட்டி சொன்ன கதைகளே அவளுக்கு உலகமாயின. ஒரு நாள் பெற்றோர் திடீரென வந்து அவளை அழைத்துப் போக நின்றபோது, அக்குழந்தையின் மனம் உடைந்தது. பிரான்சு நாட்டு மனநூல் அறிஞர் பியர் ழானே, பொறுக்கமாட்டாத துயரம் மனத்தின் ஒரு பகுதியைப் பிரித்துத் தனியே வாழவிடும் என்று 1889-ம் ஆண்டிலேயே எழுதினார். அவர் நூலைப் படியாதவர்க்கும் அப்படம் அதை விளக்கிவிடும். தன்னைப்போலவே அன்பினின்று பிரிக்கப்பட்ட ஒருத்தியின் கதையைக் கேட்டவுடன், கங்காவினுள் அடைபட்டிருந்த குழந்தை அவள் குரலைக் கடன் வாங்கிக்கொண்டது. பூட்டிய அறை வீட்டில் இருந்ததன்று. அதை அவளே கல்கத்தாவிலிருந்து கொண்டு வந்தாள்.

தமிழ்ப் படத்தில் வீடு முன்னோர் வீடன்று. விலை கொடுத்து வாங்கிய அரண்மனை. மருத்துவனாக வருபவரும் ரஜினிகாந்த். பழைய கதையின் கொடிய அரசனாக வருபவரும் அவரே. சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளுக்கு மேல் ஓடிய படம் அது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் "லகலக" என்று கத்திக்கொண்டு திரிந்தனர். ஜோதிகாவின் கண்களைக் குறை கூற நான் துணியேன். ஆனால் அரசனுக்குக் கிடைத்த இடம் அக்குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் இவ்வளவு பொருட்படுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தந்தைக்கு ஒன்றுவிட்ட அக்காள், எனக்கு அத்தை முறை, ஒருத்தி உண்டு. 1968-ம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் அச்சீட்டுக் கிடைக்காமல் கப்பலேறினர். அறுபதினாயிரம் பேர் அளவில் போயினர் என்று கணக்கிடுவர். அத்தையின் பெற்றோரும் 1970-ம் ஆண்டில் அவர்களோடு போயினர். கைக்குழந்தைகள் இருவரையும் எடுத்துக்கொண்டனர். எட்டு வயதுப் பெண்ணை அப்பாயியிடம் விட்டனர். "ஒரு வருசத்துல வந்து கூட்டிக்கிறோம்" என்றனராம். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலாக் கப்பல் கண்ணுக்கு மறையும் வரை அவள் அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதைப் பெரியவர்கள் சமர்த்து என்று மெச்சினர்.

அவர்கள் திரும்பி வரவில்லை. கடிதங்கள் சில வந்தன.

அவளுக்கு மணமாகி, முதற்குழந்தை பிறந்த பிறகு பேய் வந்தது. கண் செருகும், குரல் தடிக்கும், லயத்தின் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவாள். பூசாரி வந்து உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, "யார் நீ, சொல்லு!" என்று அதட்டுவார். பையனாக இருந்தபோது ஒருமுறை நான் அதைக் கண்டிருக்கிறேன். அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. "எம் பிள்ளை எங்க? எம் பிள்ளையை எங்க வச்சிருக்கீங்க?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த லயத்து வீட்டில் முன்னொரு காலத்தில் பிரசவத்தில் மாண்ட ஒருத்தியின் ஆவி என்று பூசாரி தீர்ப்பளித்தார். எல்லார்க்கும் ஒப்புதலாயிற்று. வீட்டை மாற்றிக் கொடுத்தனர். பேயும் சாமான்களோடு புது வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அவள் குழந்தையோ அப்பொழுதெல்லாம் தொட்டிலில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் வாயால் கேட்டவள், கடலுக்கு அப்பால் இருந்து ஒரு நாளும் அப்படிக் கேளாத தாய்.

பேயே நம் குடும்பங்களுக்கு எவ்வளவு சௌகரியமானது பாருங்கள்! பேய் என்றால் வீட்டின்மேல் பழி. இடத்தின்மேல், செத்துப்போன எவளோ ஒருத்தியின்மேல் பழி. நோய் என்றால், யார் இவளை இப்படி ஆக்கினீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். அன்றியும் நோய் என்ற சொல் நம்மவரிடையே ஓர் ஊர்ப்பெயரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. 1911-ம் ஆண்டில் பேராக்கிலே பெரிய மனநோய் மருத்துவமனை ஒன்று ஏற்பட்டது முதல், தஞ்சோங் ரம்புத்தான் என்பது இந்நாட்டில் வசைச்சொல்லாய் விட்டது. அதன் பெயர் பஹாகியா, அதாவது இன்பம், என்று மாறியும் வசை மாறவில்லை. பேய் பிடித்தவளின் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பான். தஞ்சோங் ரம்புத்தான் போனவளின் தங்கைக்குக் கிடைப்பானா?

படத்தின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மருத்துவன் மந்திரவாதியோடு சேர்ந்துகொண்டு, பொம்மை ஒன்றை அரசனாகக் காட்டி, அவள் அதைப் பழி தீர்க்கச் செய்து, ஓரிரவில் நோயைத் தீர்த்துவிடுகிறான். மந்திரவாதியின் உதவியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அவளுக்குப் புரியும் மொழியில் அவளோடு பேசினர் என்று கொள்ளலாம். அந்த ஓரிரவுதான் பொய். என் தந்தை ஒருவாறு துணிந்து அத்தையை ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பட்டர்வொர்த்தில் பெரியில் ஏற அவள் மறுத்தாள். கார் பிடித்துப் பாலத்தின் வழியே போயினர். அவள் ஏன் ஒருகாலும் பெரியில் ஏறியதில்லை என்பது அன்றுதான் தந்தைக்கு உறைத்தது. அங்கிருந்த மருத்துவ அம்மாள், "உங்களைச் சிறு வயதில் யார் வளர்த்தார்கள்?" என்று கேட்டாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரும் கேளாத கேள்வி. முதல் நாள் அத்தை பதில் சொல்லவில்லை. நாலாந்தடவையோ ஐந்தாந்தடவையோ போனபோதுதான் கப்பலைப் பற்றிச் சொன்னாள். மாத்திரையும் பேச்சுமாக ஆண்டுகள் சென்றன. பேய் வருவது அருகிற்று. முற்றும் நின்றது என்று சொல்லமாட்டேன்.

சில ஆண்டு கழித்து ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, தொலைக்காட்சியில் "சந்திரமுகி" ஓடிற்று. பிள்ளைகள் கட்டிலைத் தூக்கும் இடத்தில் கூச்சலிட்டு, அரசனுக்குக் கைதட்டினர். அத்தை முறுக்குப் பிழிவதை நிறுத்திவிட்டு வாயிற்படியில் நின்று கடைசி வரை பார்த்தாள். படம் முடிந்து எல்லாரும் சாப்பிட எழுந்தபின், என்னை அழைத்து மெல்லக் கேட்டாள்: "ஏண்டா தம்பி, அந்தப் பொண்ணுக்கு ஆத்தா அப்பன் யாரும் இல்லையா?"