பிரித்துவிட்ட தையல்

நான் தையல்காரி. வன்னியில், வட்டக்கச்சியில் என்னிடம் சட்டை தைக்கத் தருகிற பெண்களின் அளவெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கிறது. போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் இடையில் யாருக்கு இடுப்பில் எத்தனை அங்குலம் கூடியது என்று கேட்டால் கொப்பியைத் திறக்காமலே சொல்லுவேன். என் அளவு மட்டும் அதில் இல்லை. எனக்கு அளவு எடுக்கத் தேவைப்படவில்லை. சாறிச் சட்டை தைக்கும்போது பக்கத்தில் கொஞ்சத் துணியை உள்ளே மடித்து விடுவோம், உடம்பு வைத்தால் பிரிக்கலாம் என்று. என்னுடைய நீலச் சட்டையை மூன்று தரம் பிரித்திருக்கிறேன். பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசையாக, எறும்பு ஊர்ந்து போன தடம் மாதிரி இன்னும் நிற்கின்றன. நாலாம் தரம் பிரிக்கப் பார்த்தபோது உள்ளே துணி இல்லை.

அது 2022, பொருளாதார நெருக்கடி வருசம். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று பேப்பரில் போட்டார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை; போன வருசம் வாங்கினதில் பாதிதான் அதே காசுக்கு உமலில் விழுந்தது. என் கணவர் மேசன். சீமெந்து விலையோடு வேலையும் நின்றுபோனது. அவருடைய பெல்ற்றில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. என் குத்தூசியால் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதே கிழமைதான் என் சட்டையை நாலாம் தரம் பிரிக்கப் பார்த்ததும்.

ஒரு வீட்டில் புருசன் மெலிந்து பெண்சாதி கொழுத்தால் ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் ஒருத்தி கேட்டே விட்டாள்: "என்னக்கா, எல்லாரும் வத்தி வறண்டு கிடக்க, உங்களுக்கு மட்டும் எங்கயிருந்து சத்து வருது?" சிரித்துச் சமாளித்தேன். பதில் எனக்குத் தெரியும். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில், பாதி உண்மையான பதில். காசு குறைந்தால் எங்கள் குசினியில் முதலில் குறைவது மீனும் மரக்கறியும். மாவும் சீனியும் எண்ணெயும் கடைசிவரை நிற்கும். கோதுமை மாவை இன்னும் அமெரிக்கன் மா என்று சொல்லுகிற ஆட்கள் நாங்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தபோதும், மீளக்குடியேறின பிறகும், நிவாரணம் என்று வந்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். றொட்டியும் சீனித் தேத்தண்ணியும் அப்போது உயிரைப் பிடித்து வைத்தன. உயிர் நின்ற பிறகும் நாங்கள் அவற்றை விடவில்லை. ஆகவே குறைந்த காசில் வயிறு நிரப்பினால் நிறை கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் அதே மாவைத்தான் என் கணவரும் தின்றார்.

மிச்சப் பாதிக்கு வருகிறேன்.

நான் சிக்கனமானவள் என்று பேர் எடுத்தவள். பிள்ளைகளின் கோப்பையில் மிச்சம் கிடந்தால் கொட்டமாட்டேன். நின்றபடியே வழித்து வாயில் போடுவேன். மூன்று பிள்ளைகள், மூன்று கோப்பை, மூன்று நேரம். மாமி கண்டால், "அவள் ஒரு பருக்கையும் எறியமாட்டாள்" என்று பெருமையாகச் சொல்லுவா. அதன் பிறகு என் கோப்பையில் போட்டு முறையாகச் சாப்பிடுவேன். வழித்ததெல்லாம் கணக்கில் வராது. கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே போடத் தொடங்கினேன். அவர்கள் மிச்சம் விடுவார்கள் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. இதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்ததும் நான்தான்.

பிறகு பாணும் பணிசும் விற்கிற பாண் ஓட்டோ. பின்னேரம் நாலரைக்கு எங்கள் ஒழுங்கைக்கு வரும். அது வாசிக்கிற அந்த இசையைப் பீத்தோவன் 1810இல் எழுதினாராம். மகன் போனில் தேடிச் சொன்னான். எலீஸ் என்ற ஒருத்திக்கு எழுதியதாம். அந்த மனுசி யாரோ, எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் வாயூறும். நாலரைக்கு மூத்தவர்கள் ரியூசனில், சின்னவள் நித்திரை, அவர் வேலையில் அல்லது வேலை தேடி. சீனி தூவின கிம்புலா பணிஸ் ஒன்று, மாலுபாண் ஒன்று, சில நாளில் றோல்ஸ் ஒன்று கூட. கிணற்றடிக்குப் பின்னால் வாழைக்குள் நின்று தின்பேன். சொப்பிங் பையைச் சுருட்டி அடுப்புக்குள் வைப்பேன். இரவு வீட்டுக் கணக்கு எழுதும்போது "மரக்கறி" என்று எழுதுவேன்.

கணக்குக் கொப்பியை அவர் பார்ப்பதில்லை. "நீர் எழுதினாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லுகிற மனுசன். பின்னொரு நாள் இருந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் நாங்கள் வாங்காத மரக்கறி கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாவுக்கு இருந்தது. அவருடைய இரண்டு நாள் கூலி. அந்த மாதம் மகனுக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லை என்று சொன்னதும் நான்தான்.

இடையில் மெலிவதற்கும் காசு செலவழித்தேன். தெரிந்த ஒருத்தி ஒரு மாப் பேணி கொண்டுவந்தாள். பாலில் கரைத்துக் குடித்தால் மாதம் ஐந்து கிலோ இறங்குமாம். சீட்டுக் காசில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கச் சொன்னாள். நான் இரவுச் சாப்பாட்டோடு குடித்தேன். அந்தப் பேணிக்குள் இப்போது பொத்தான்கள் இருக்கின்றன.

இனி எழுதக் கை கூசுகிற இடம்.

யாராவது என் உடம்பைப் பற்றி வாயெடுத்தால் என்னிடம் ஒரு வசனம் இருந்தது: "நாங்கள் கிடந்த பட்டினிக்கு, சாப்பாட்டைக் கண்டா விடேலாது." இதைச் சொன்னால் வன்னியில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். தலையைக் குனிவார்கள். ஏனென்றால் அது உண்மை. 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில், வயிற்றில் மூத்தவளோடு, உப்பும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சிக்கு நான் வரிசையில் நின்றிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவிலிருந்த பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றி ஒரு பத்திரிகையில் வாசித்தேன். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் சீனி வருத்தமும் கூடுதலாக வந்ததாம். அதையும் வெட்டி வைத்துக்கொண்டேன். ஆனால் அது கருவிலிருந்த பிள்ளையைப் பற்றின கதை. பயப்படவேண்டியது என் மூத்தவளுக்காக. நான் அந்தத் துண்டை எனக்காக வைத்திருந்தேன்.

2023 மே 18, நினைவு நாள். முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்தேன், அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. திரும்பும் வழியில் புதுக்குடியிருப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போய் இரண்டு றோல்ஸ் தின்றேன். உதட்டில் எண்ணெய், மூக்கில் இன்னும் அழுத சளி. 2009இல் என்னோடு கஞ்சி வரிசையில் நின்று, கஞ்சி கிடைக்காமலே செத்துப்போன ஆட்களின் பசியை நான் என் றோல்ஸுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, கொப்பியில் "பஸ் காசு" என்று எழுதினேன்.

இதைவிடக் கீழே ஒன்று இருக்கிறது.

சின்னவள் 2021இல் பிறந்தவள். பிறகொரு காலம் அவளுடைய கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு பச்சையிலிருந்து சறுக்கிச் செம்மஞ்சளுக்குள் விழுந்தது. மிட்வைஃப் அக்கா திரிபோஷா தந்தா. மாதம் இரண்டு பைக்கற், ஒவ்வொன்றும் 750 கிராம். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. 1973 தொடக்கம் இந்த நாட்டில் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்து வருவது. சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் நல்ல வாசம். சின்னவள் ஒன்றைக் கடித்துவிட்டு ஓடிவிடுவாள். மிச்சத்தை எறிவதா? முதல் மாதம் மிச்சத்தைத் தின்றேன். அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு பிடித்தால் எனக்கு ஆறு பிடித்தேன். பிறகு எல்லாரும் படுத்த பிறகு, குசினியில் லைற் போடாமல், பிசையக்கூடச் செய்யாமல், மாவையும் சீனியையும் உள்ளங்கையில் கொட்டி நக்கினேன். பதினைந்தாம் திகதிக்குள் இரண்டு பைக்கற்றும் முடிந்துவிடும்.

"பிள்ளை திரிபோஷா சாப்பிடுறாவோ?"

"ஓம் அக்கா, ஆசையாச் சாப்பிடுறா."

"அப்ப ஏன் நிறை ஏறேல்லை? பூச்சி மருந்து ஒருக்கா குடுத்துப் பாப்பம்."

பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன். என் வயிற்றில் இருந்த பூச்சிக்கு அவள் குடித்தாள்.

பிடித்தது மூத்தவள். ஒரு காலை பைக்கற்றை எடுத்தபோது அதன் வெளிப்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு. மா எந்த மட்டத்தில் நின்றதோ அந்த மட்டத்தில். மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் போடுவோமே, அந்த மாதிரி. அடுத்த நாள் அதற்குக் கீழே இன்னொரு கோடு, பக்கத்தில் திகதி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது, "போட்டு வாறன் அம்மா" என்றாள், வழமைபோல. வயிற்றுக்குள் இருந்தே என்னோடு பட்டினி கிடந்த பிள்ளை அவள்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 152 சென்ரிமீற்றர் உயரம், 74 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 32. எங்கள் ஆட்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனமாக இருக்கவேண்டும் என்றார் டொக்டர். வெறும் வயிற்றில் சீனி 118. வருத்தம் இன்னும் இல்லை, 126 வந்தால் வருத்தம்.

கடைசியில் மெலிய எனக்குக் காசு செலவாகவில்லை. இது ஒரு வெட்கம்கெட்ட உண்மை. திருடித் தின்றதை நிற்பாட்டியதிலேயே பாதி இறங்கிவிட்டது. தேத்தண்ணிக்குச் சீனி: நாளுக்கு ஆறு தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு ஐந்து கிராம். நாளுக்கு 60 கிராம், மாதம் ஒரு கிலோ 800 என் ஒருத்திக்கு. எனக்கென்று ஒரு சின்னப் போத்தலில் மாதத்துக்கு 300 கிராம் போட்டு வைத்தேன். முடிந்தால் முடிந்ததுதான். கத்தரிக்காயைப் பொரிக்காமல் வதக்கினேன், எண்ணெய்ப் போத்தல் பத்து நாள் கூட நின்றது. வேலிக்கு வேலி முருங்கை நிற்க அந்தக் கீரையை ஏன் மறந்திருந்தேன் என்று தெரியவில்லை. தைத்த சட்டைகளை நடந்து போய்க் கொடுக்கிறேன். கோப்பையில் மிஞ்சுவது இரண்டு கோழிக்குப் போகிறது, கோழி தருகிற முட்டை சின்னவளுக்கு. எழுதிப் பார்த்தால் எல்லாம் லேசு. நாலரை மணிக்கு அந்த இசை வருகிறபோது நான் மெசினைக் கடகடவென்று மிதித்து அந்தச் சத்தத்தால் அதை மூடுகிறேன். மிதித்தும் சில நாள் எழும்பிப் போயிருக்கிறேன். அந்த நாட்களில் கொப்பியில் "பாண் ஓட்டோ, எனக்கு" என்று எழுதியிருக்கிறேன். ஒரு வருசத்தில் 66 வரை வந்தது. போன தீபாவளிக்குப் பிறகு 68.

அவரிடம் ஆறாயிரம் ரூபாவைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பனே" என்றார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். திரிபோஷாவைச் சொல்லவில்லை. மூத்தவளும் சொல்லவில்லை.

அந்த மிட்வைஃப் அக்கா மாற்றலாகிப் போய்விட்டா. புதிதாக வந்த பிள்ளை போன மாதம் கிளினிக் கொப்பியைப் புரட்டினாள். சின்னவளின் கோடு இப்போது பச்சைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அவளுடைய விரல் பின்னால் போய், ஏறாமல் படுத்துக் கிடக்கிற அந்த மாதங்களில் நின்றது.

"இதில என்னம்மா நடந்தது?"

"அந்த நேரம் சரியாச் சாப்பிடேல்லை, தங்கச்சி."

ஆர் என்று அவள் கேட்கவில்லை.