“தெரியாது சார்” என்றேன்

அண்ணாமலை நகரைச் சுற்றி மனைத் தரகு செய்து குடும்பம் நடத்தியவன் நான். அதில் ஒரு மனைப்பிரிவை, விற்கக்கூடாத இடம் என்று தெரிந்தே விற்றேன். வாங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் நேரில் வந்து கேட்டபோது மறுபடியும் பொய் சொன்னேன். முதல் பொய்யைவிட அந்த இரண்டாவது பொய் பெரியது. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து சிதம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் ஊர் அதை நம்பியே வளர்ந்தது. பேராசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் என்று வாடகை வீட்டுக்கு எப்போதும் ஆள் இருந்தது. “ஒரு வீட்டைக் கட்டிப் போடுங்க சார், மாடியில நாலு பசங்களை வெச்சாலே வட்டி கழிஞ்சிடும்” என்பதுதான் எங்கள் முதல் வசனம். சுற்றிலும் இருந்ததோ நஞ்சை. ஒரு மா என்றால் நூறு குழி, ஒரு குழிக்கு 144 சதுர அடி. விவசாயியிடம் மா கணக்கில் வாங்கி, உத்தியோகஸ்தரிடம் குழிக் கணக்கில் விற்போம். லாபம் முழுக்க அந்த இடைவெளியில்தான்.

நான் சொல்லும் மனைப்பிரிவு போடப்பட்டது 2010 வாக்கில். வயலின் குறுக்கே ஒரு வடிவாய்க்கால் ஓடியது. கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் அது தெளிவாக இருந்தது, நானே பார்த்தேன். நிலத்தைப் பிரித்தவர்கள் அதை ஜேசிபி வைத்துத் தூர்த்து, கிராவல் கொட்டி, சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் கடைசி வரிசை மனைகளின் பின்பக்கம் வந்தது. விலைப்பட்டியலில் அந்த வரிசைக்குக் குழிக்குக் கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால், ரோட்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

மனை காட்டச் சித்திரை, வைகாசியில்தான் கூட்டிப் போவேன். தரை வெடித்துக் கிடக்கும். தண்ணீர் நிற்கும் இடமா என்ற கேள்வியே யாருக்கும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவேன். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அந்த வரிசையில் பதினாறு குழி வாங்கியவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வரைபடத்தை விரித்து, ஊராட்சித் தலைவரின் முத்திரையைக் காட்டி, “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்றேன். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். தலைவர் முத்திரை அதற்கு ஈடாகாது. தரகர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவர் மெதுவாகக் கேட்டார்: “பேங்க்ல லோன் குடுப்பாங்களா தம்பி?” கொடுக்க மாட்டார்கள். அதைச் சொல்லாமல், “உங்களுக்கு எதுக்கு சார் லோன், பி.எஃப். பணம் இருக்கே” என்று பேச்சைத் திருப்பினேன். அவர் பி.எஃப். பணத்தை எடுத்தார். எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம் கமிஷன்.

வறுமையில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்போது எனக்குத் தொழில் நன்றாகவே நடந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த மனைப்பிரிவை வேறு தரகரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். காரணம் அவ்வளவுதான்.

2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது. தூர்த்த வாய்க்கால் இருந்த தடம் அப்போது தெரிந்தது. நட்ட கல்லின் தலை மட்டும் வெளியே. நான் போய்ப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பினேன். 2016 செப்டம்பர் 9-ல் அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்ற பிறகு, உபரி என்று கணக்கிட்ட ஊழியர்களை வேறு ஊர்களுக்குப் பணிநிரவல் செய்துகொண்டிருந்த காலம் அது. பதினாறு குழி வாங்கியவருக்கும் உத்தரவு வந்தது. மனையை விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தார், பதிவு நின்றிருந்தது.

2017 மே மாதம் அனுமதியற்ற மனைகளுக்கு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் விற்ற மனை என்றால் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள அவை இடம் கொடுத்தன. ஆனால் வாய்க்கால், குளம், ஏரி போன்ற பொது நீர்நிலையில் இருக்கும் மனைக்கு அந்த வழி கிடையாது. அவரும் மனுப் போட்டார். சர்வேயர் சங்கிலி பிடித்ததும் இவருடைய மனையின் பின்பாகம் வாய்க்காலில் விழுந்தது. மனு தள்ளுபடி.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “உனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?” என்றார். “தெரியாது சார்” என்றேன். நம்பினார். “நீயும் பாவம், உன்னையும் ஏமாத்தியிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை ஏமாற்றி விற்ற நான், அவருடைய இரக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

ஓய்வுபெற்றுத் திரும்பி வந்து, இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். மனையில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. போன மாதம் அவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். வாய்க்கால் இருந்தது எனக்கு முன்பே தெரியும் என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் தரகர் சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். புலப்படமும் அ-பதிவேடும் அரசு இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன, எடுத்துப் பாருங்கள். கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அந்தக் கடைசி வரிசையில் என் மூலமாக மனை வாங்கிய மற்றவர்கள் வழக்குப் போடுவதாக இருந்தால் நான் வந்து சாட்சி சொல்கிறேன். உங்களிடம் வாங்கிய கமிஷனையும் திருப்பித் தருகிறேன். வந்து கேளுங்கள்.