தடுத்தும் நிற்காத பாட்டு

ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில், எஸ்டோனியா என்று ஒரு சின்னஞ்சிறு தேசம் இருக்கிறது. ஜனத்தொகை 14 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அங்குள்ளவர்களுக்குப் பாட்டு என்றால் உயிர். ஒருவர் பாட மற்றவர்கள் தலையாட்டும் பாட்டல்ல. ஊரே கூடிப் பாடும் பாட்டு!

தலைநகரான டாலினுக்கு நீங்கள் போனால், பழைய கோட்டைச் சுவர்களைப் பார்த்த கையோடு, கடலுக்கருகே உள்ள பாட்டுத் திடலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1960-ல் கட்டிய மேடை அது. சிப்பியைப் போலக் கவிந்த பிரம்மாண்டமான வளைவு. எதிரே பசும்புல் சரிவு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஜூலை மாதத்தில் இங்கே திருவிழா. நாடெங்குமிருந்து பாட்டுக் கோஷ்டிகள் ஊர்வலமாக வந்து சேரும். 20,000 பேருக்கு மேல் ஒரே குரலாகப் பாடுவார்கள். அத்தனை பேரும் பாடம் பண்ணி, பரீட்சையில் தேறி வந்தவர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இந்த விழாவின் பூர்வ கதை சுவாரஸ்யமானது. 1869-ல் தார்த்து நகரில் யான்சென் என்ற பத்திரிகாசிரியர் தொடங்கி வைத்தார். மேடையேறியவர்கள் எல்லோரும் ஆண்களே. ஆனால் அன்று பாடிய பாட்டுகளில் ஒன்றுக்குச் சொற்கள் தந்தவர் ஒரு பெண். யான்செனின் மகள் லிடியா கொய்டுலா. 'என் தாய்நாடே என் அன்பு' என்பது அந்தப் பாட்டு.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது எஸ்டோனியா சோவியத் ஆட்சிக்குள் வந்தது. குஸ்தாவ் எர்னெசாக்ஸ் என்ற சங்கீத மேதை, கொய்டுலாவின் அதே கவிதைக்குப் புது மெட்டுப் போட்டார். 1947 விழாவில் அது ஒலித்தது. அதிகாரிகளுக்குப் பிடிக்குமா? 1950 விழாவில் அந்தப் பாட்டைக் காணோம். விழாவின் தலைமை நடத்துநர்கள் மூவரைச் சிறையிலும் அடைத்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலிலிருந்து அடித்துவிடலாம். நெஞ்சிலிருந்து அடிக்க முடியுமா? 1960 விழாவில் ஜனங்கள் யாரையும் கேளாமல் தாங்களே அதைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். தேசிய கீதமும் கொடியும் பறிபோயிருந்த அந்த மக்களுக்கு இதுவே கீதமாயிற்று. பிறகு அதிகாரிகளே இறங்கி வந்து அதை அனுமதிக்க வேண்டியதாயிற்று.

1988 செப்டம்பர் 11-ந் தேதி இதே திடலில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள்; ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! வெளிப்படையாகவே விடுதலை கேட்டார்கள். 1991 ஆகஸ்ட் 20-ல் எஸ்டோனியா மீண்டும் சுதந்திர நாடாயிற்று. வெறும் பாட்டால் மட்டுமா வந்தது? மாஸ்கோவில் அப்போது மூண்ட குழப்பமும் கைகொடுத்தது. ஆனால் அந்த நாள் வரை மொழியையும் மனத்தையும் காத்து வைத்தது பாட்டுத்தான்.

திடலை விட்டுக் கிளம்புமுன் சரிவின் உச்சிக்கு ஏறிப் பாருங்கள். எர்னெசாக்ஸ் வெண்கலச் சிலையாக உட்கார்ந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் பக்கத்தில் சற்று உட்காருங்கள். திடல் காலியாக இருந்தாலும், காதில் ஏதோ கேட்பது போலத்தான் இருக்கும்!