இரவுக் கடமை முடிந்த பின் ஒரு பட்டப்படிப்பு

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் தாதியர் பற்றி நான் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவை அவர்களுடைய வேலைநிறுத்தங்கள் பற்றியவை. சம்பள உயர்வு, மேலதிக நேரக் கொடுப்பனவு, பதவி உயர்வு என்று கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, சுகாதார அமைச்சின் பதிலையும் சேர்த்துவிட்டால் செய்தி முடிந்துவிடும். ஒரு தாதி என்ன படிக்கிறாள், மேலே படிக்க விரும்பினால் எங்கே போகிறாள் என்ற கேள்விகள் எங்கள் ஆசிரியபீடத்தில் எழுந்ததாக நினைவில்லை. ஓய்வுபெற்ற பின்னர் அந்தக் கேள்விகள் என் வீட்டுக்கே வந்தன. கொண்டுவந்தவள் நியூ யோர்க்கில் தாதியாக வேலை செய்யும் என் தங்கையின் மகள்.

அவள் பிள்ளை பெற்ற பிறகு அங்குள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் படித்துத் தாதியானவள். வாரத்தில் மூன்று இரவுகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணித்தியாலக் கடமை. சம்பளத்தில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கு மாதந்தோறும் வருகிறது. ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: "மாமா, எல்லாரும் தங்கடதுதான் விலை குறைவு, தாங்கள்தான் கெதியா முடிச்சுத் தருவம் எண்டு சொல்லினம். நீங்கள் பேப்பர்க்காரர்தானே, ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

அவள் அனுப்பியவை நான்கு பல்கலைக்கழகங்களின் விளம்பரங்கள். வேலை செய்துகொண்டே இணையவழியில் தாதியியல் இளமாணிப் பட்டம் பெறலாம் என்று நான்கும் கூறின. இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கத் தாதியர் கல்வியின் கதையைச் சிறிது அறிய வேண்டும்.

அங்கே இரண்டாண்டு இணைப்பட்டம் பெற்றவரும் நான்காண்டு இளமாணிப் பட்டம் பெற்றவரும் ஒரே உரிமப் பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். சித்தியடைந்தால் இருவரும் பதிவுபெற்ற தாதியர். இரண்டாண்டுப் படிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாதியர் பற்றாக்குறை நிலவிய காலத்தில் பிறந்தது. மில்ட்ரெட் மொன்டாக் என்ற கல்வியாளர் 1951 இல் முன்வைத்த யோசனையின்படி 1952 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, நாடு முழுவதும் பரவிற்று. வசதி குறைந்தவர்களும் குடும்பப் பெண்களும் குடியேறியவர்களும் தாதியராவதற்கு அது வாசலைத் திறந்தது. என் மருமகள் நுழைந்ததும் அந்த வாசலால்தான்.

பின்னர் காற்று மாறியது. பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு, பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் பத்து வீதம் கூடுதலாக உள்ள இடங்களில் சத்திரசிகிச்சை நோயாளர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஐந்து வீதம் குறைவாக இருந்ததாகக் கண்டது. 2020 ஆம் ஆண்டுக்குள் தாதியரில் 80 வீதமானோர் பட்டதாரிகளாக வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2010 இல் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு வந்தபோது இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் வைத்தியசாலைகள் பட்டதாரிகளையே விரும்பத் தொடங்கிவிட்டன. நியூ யோர்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குள் இளமாணிப் பட்டம் பெற்றாக வேண்டும் என்ற சட்டத்தை 2017 டிசம்பரில் நிறைவேற்றியது. முன்னரே உரிமம் பெற்றிருந்தோருக்கு விலக்கு உண்டு. 2021 இல் உரிமம் பெற்ற என் மருமகளுக்கு அந்த விலக்கு இல்லை.

ஆகவே படிப்பதா வேண்டாமா என்பது அவளுடைய பிரச்சினையன்று. எங்கே, எவ்வளவு பணத்தில், எவ்வளவு காலத்தில் என்பதே பிரச்சினை. தவறினால் இழப்பது இரவு இரவாக உழைத்த பணமும் தூக்கமும் ஆகும்.

விளம்பரங்களை நான் படித்த முறை, அமைச்சர்களின் அறிக்கைகளைப் படித்த அதே முறைதான். அதாவது, சொல்லப்பட்டதை விட்டுச் சொல்லப்படாததைத் தேடினேன்.

முதலில் அகப்பட்டது விலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு கிரெடிட்டின் கட்டணம். பட்டத்துக்கு மொத்தம் சுமார் 120 கிரெடிட் வேண்டும். முன்னைய படிப்பிலிருந்து எத்தனையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் கிரெடிட் 250 டொலர். ஆனால் அவளுடைய பழைய படிப்பில் 70 ஐ மட்டுமே ஏற்பார்கள். மிகுதி 50 க்குக் கட்டணம் 12,500 டொலர். இன்னோரிடத்தில் கிரெடிட் 350 டொலர். தாதி உரிமத்துக்கும் தனியாகக் கிரெடிட் வழங்கி மொத்தம் 90 ஐ ஏற்பார்கள். மிகுதி 30 க்கு 10,500 டொலர். மலிவு என்று பறை சாற்றியதுதான் விலை கூடியதாக இருந்தது. ஆறு மாதத் தவணைக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடத்தையும் முடிக்கலாம் என்ற முறையும் உண்டு. 1997 இல் மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து நிறுவிய வெஸ்டேர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. வேகமாகப் படிக்கக்கூடியவருக்கு அது இலாபம். இரவுக் கடமையோடு தவணைகள் இரண்டு மூன்றாக நீண்டால் கணக்கு மாறிவிடும்.

அடுத்தது வேகம். "பன்னிரண்டு மாதங்களில் பட்டம்" என்பது, புள்ளிவிபரவியல் போன்ற பொதுப் பாடங்கள் யாவும் ஏற்கெனவே முடிந்திருந்தால் மட்டுமே உண்மை. இணையவழிப் படிப்பு என்றாலும் சமூக சுகாதாரத்தில் செயன்முறை அனுபவம் பெற வேண்டும். அதற்கான இடத்தை மாணவியே தேட வேண்டுமா, பல்கலைக்கழகம் ஒழுங்குசெய்யுமா என்பதை விளம்பரங்கள் கூறுவதில்லை.

மூன்றாவது அங்கீகாரம். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. தாதியியல் பாடநெறிக்குத் தனியாக சீ.சீ.என்.ஈ. அல்லது ஏ.சீ.ஈ.என். போன்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அது இல்லாத பட்டத்தைக் கொண்டு முதுமாணிப் படிப்புக்குச் செல்வது கடினம். விளம்பரத்தை நம்பாமல் அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே பெயரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படுத்திய மோசடியில், புளோரிடாவின் மூன்று தாதியர் கல்லூரிகளின் பெயரில் 7,600 க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. குறுக்குவழியில் போவோருக்குச் சந்தை எப்போதும் திறந்தே இருக்கிறது.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் அவள் ஒரே கேள்வியை எழுதி அனுப்பினாள்: என் முன்னைய படிப்பில் எத்தனை கிரெடிட்டை ஏற்பீர்கள், எழுத்தில் தருவீர்களா? இரண்டு இடங்களிலிருந்து பதில் எழுத்தில் வந்தது. ஒரு நிறுவனம், முதலில் பதிவு செய்யுங்கள், பின்னர் சொல்கிறோம் என்றது. அதன் ஆலோசகர் ஒரே வாரத்தில் ஐந்து தடவை அழைத்து, இன்றிரவுக்குள் பதிந்தால் விண்ணப்பக் கட்டணம் இல்லை என்றார். நான்காவது இடத்திலிருந்து பதிலே இல்லை. பத்திரிகையாளனுக்கு இது பழகிய அனுபவம். எழுத்தில் தர மறுக்கப்படும் தகவலே பெரும்பாலும் செய்தியாகிறது.

இறுதியில் எங்கள் இருவரையும் வியப்பில் ஆழ்த்தியது வேறொரு கணக்கு. தொழில்கொள்வோர் தரும் கல்வி உதவிக்கு அமெரிக்க வருமான வரியில் விலக்கு உண்டு. ஆண்டுக்கு 5,250 டொலர் என்ற வரம்பு பல தசாப்தங்களாக இருந்துவந்தது. அவளுடைய வைத்தியசாலை ஆண்டுக்கு 5,000 டொலர் தருகிறது. அந்த 10,500 டொலர்ப் படிப்பை ஒரே நாட்காட்டி ஆண்டில் முடித்தால் அவள் கைப்பணம் 5,500 டொலர். இரண்டு ஆண்டுகளில் பரப்பிப் படித்தால் 500 டொலர் மட்டுமே. விரைவாக முடிப்பதே மலிவு என்று எல்லா விளம்பரங்களும் கூறிக்கொண்டிருக்க, ஆறுதலாகப் படிப்பதே அவளுக்கு மலிவாக இருந்தது. பட்டம் பெற்ற பின் எத்தனை காலம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் கையெழுத்திடுமுன் வாசித்துக்கொண்டாள்.

இவற்றைத் தேடியபோது எங்கள் நாட்டு நினைவும் வந்தது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் 1994 இல் தாதியியல் இளமாணிப் பாடநெறியைத் தொடங்கியது. தாதியர் பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து வைத்தியசாலைகளில் கடமையாற்றிக்கொண்டிருந்தவர்களுக்குத் தொலைக்கல்வி மூலம் பட்டம் வழங்குவதே அதன் நோக்கம். போர் நடந்த காலம் அது. விளம்பரமும் ஆலோசகரின் அழைப்பும் இல்லாமலே, கடமைப் பட்டியலில் விடுமுறை நாளைக் கெஞ்சி வாங்கிப் படித்தவர்கள் அந்தத் தாதியர். அவர்கள் பற்றி எழுதப்பட வேண்டியவை இன்னும் நிறைய உண்டு.

மருமகள் எழுத்தில் பதில் தந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து, தவணைக்கு இரண்டு பாடங்கள் வீதம் படித்து வருகிறாள். புலம்பெயர்ந்த நாடுகளில் தாதியராக உழைக்கும் எங்கள் பெண்கள் பலர். அவர்களின் பெற்றோரும் உறவினரும் இதை வாசிக்கக்கூடும். பிள்ளை மேலே படிக்கப் போகிறாள் என்றால், எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்பதை விட்டு, எத்தனை மணித்தியாலம் உறங்குகிறாய் என்று முதலில் கேளுங்கள். மற்றக் கணக்குகளை அந்த விடையிலிருந்து தொடங்குவதே நல்லது.