இரண்டு ஊசி, ஒரு நூல்

தையல் மெஷின் போடும் தையலில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் மேல் நூல் தேய்ந்து அறுந்தால் போதும், அங்கிருந்து தையல் பிரிய ஆரம்பித்துவிடும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் கைத்தையல் அப்படியல்ல. நூல் ஒன்றே ஒன்று. அதன் இரு முனையிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து போய் வரும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷினால் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு தையலுக்கும் மிச்சமிருக்கும் நூல் முழுவதும் அந்தத் துளை வழியாக வெளியே வந்தாக வேண்டுமே!

இந்தத் தையலைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் சென்னைப் பெரியமேட்டுக்குப் போனேன். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். தோல், சோல், பக்கிள், பசை, நூல் என்று கடை கடையாக இருக்கும். முழுத் தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்; வெட்டு மிச்சங்களை எடை போட்டுத் தருகிறார்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பளபளப்பாக, பட்டுப்போல் மடங்குகிற ஒரு சிவப்புத் தோலைத் தடவிக்கொண்டு நின்றேன்.

“என்னம்மா பண்ணப் போறீங்க?” என்றார் கடைக்கார பாய்.

“பர்ஸ். கையால தைக்கணும்.”

“அப்போ அத வெச்சிடுங்க. அது குரோமு. நீங்க நூலை இழுக்கிற இழுப்புக்குத் தோல் சுருங்கிப் போயிடும். ஓரம் தேய்ச்சா வழுவழுன்னு வராது. ஈ.ஐ. எடுங்க.”

ஒரு துண்டை எடுத்து வெட்டுப்பக்கத்தைக் காட்டினார். மேலே என்ன சாயம் பூசியிருந்தாலும் குரோம் உப்பில் பதப்படுத்திய தோலின் நடுவே பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். ஈ.ஐ. தோல் உள்ளும் புறமும் வெளிர் பழுப்பு. விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு அதன்மேல் வைத்தார். அந்த இடம் உடனே கருத்து, மெல்ல வெளுத்தது. தண்ணீரைக் குடிக்கிற தோல்தான் கைத்தையலுக்கு ஆகும். ஈரத்தில் வளைத்தால் வளைந்தபடி காயும், ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் மினுங்கும்.

ஈ.ஐ. என்பது ஈஸ்ட் இந்தியா. கம்பெனி காலத்திலிருந்து கப்பலேறிய சரக்குக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் அதன் பழைய பக்குவம். பிறகு வாட்டில் பட்டையின் சாறு வந்து ஆவாரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி செம்பட்டுப் பகுதிகளில் இந்தத் தொழில் இருக்கிறது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். இத்தனை பெருமை இருந்தும், இணையத்தில் இத்தாலியத் தோலைத் தேடிப் பணம் கட்டுகிற நம்மூர் ஆர்வலர்களைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அங்கேயே முதுகுத் தோலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார் பாய். முதுகு இறுக்கமானது, வார் வெட்டலாம். வயிறு தளர்வு, அதில் வெட்டிய வார் நாளடைவில் நீண்டுகொண்டே போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று வயிற்றுப் பகுதியில் பெல்ட் வெட்டியவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்து சண்டை போட்டார்கள் என்ற கதையையும் சேர்த்துச் சொன்னார். வாங்கிய தோலைவிட இந்தக் கதைகள்தான் எனக்கு அதிகம் பயன்பட்டன.

தைக்க உட்கார்ந்த பிறகு தெரிந்தது, தைப்பது பாதி வேலைகூட இல்லை. ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே டிவைடரால் கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டின்மேல் முள்கரண்டி போலிருக்கும் பல் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் சீரான இடைவெளியில் தடம் விழும். உளியின் கடைசிப் பல் பதித்த தடத்திலேயே அடுத்த முறை முதல் பல்லை வைத்தால் வரிசை பிசகாது. பிறகு குத்தூசி. நல்ல குத்தூசியின் முனை உருண்டையாக இருக்காது, சாய்சதுரமாக இருக்கும். ஒவ்வொரு துளையும் அதே சாய்வில் விழுந்தால்தான் தையலும் அந்த அழகான சாய்வோடு வரும். தோலில் துளை ஏற்கெனவே இருப்பதால் ஊசியின் முனை மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். கூரிய ஊசி எதிரே வரும் நூலைக் குத்திக் கிழித்துவிடும். நூலைத் தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு எடுத்துக்கொள்வது நல்லது. தடித்த தோலானால் அதுவும் போதாது. பாதித் தையலில் நூல் தீர்ந்து நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

முன்பக்கம் ஒருவாறு நேராக வந்துவிட்டது. பின்பக்கம் மட்டும் பாம்பு ஊர்ந்த தடம். காரணம் பிடிபடவில்லை. எழும்பூர்ப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தின் அருகே மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

“முன்னாடி எல்லாரும் நேராத்தாம்மா தைப்பாங்க” என்றார். “குத்தும்போது கை சாயுது உனக்கு. கண்ணு தோல் மேலயே இருக்கு. குத்தூசியோட பிடியப் பாரு, அது நேரா நின்னா முனையும் நேராத்தான் வெளிய வரும்.”

இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பிடியைப் பார்த்துக் குத்தியதும் பின்பக்கத்துப் பாம்பு பாதி அடங்கிவிட்டது.

அவருடைய முறை வேறு. இரண்டு ஊசி கிடையாது. முனையில் கொக்கி வெட்டிய ஒரே ஊசி. மேலிருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி, வளையமாக மேலே இழுக்கிறார். அந்த வளையத்துக்குள் நூலின் மறுமுனையை நுழைத்து இரண்டு கையாலும் இறுக்குகிறார். ஒரு தையலுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. பை, செருப்பு, குடைத்துணி எல்லாவற்றுக்கும் அதே ஊசி. நூலை மெழுகில் தேய்ப்பது பற்றிக் கேட்டேன். மெழுகுக் கட்டியில் நூலை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி வேகமாக இழுத்துக் காட்டினார். “சூடு வரணும். சூடு வந்தாத்தான் மெழுகு உள்ள எறங்கும். சும்மா தடவினா மேலயே நிக்கும்.” துளையைப் பெரிதாகப் போடுவதற்கும் ஒரு திட்டு விழுந்தது. “ஓட்டை பெருசா இருந்தா நூலு ஆடும். ஆடினா தேயும். தேஞ்சா அறும்.” தைத்து முடித்ததும் சுத்தியலால் தையல் வரிசையை லேசாகத் தட்டினார், நூல் தோலுக்குள் அமர்ந்துகொண்டது. புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தமிழ்நாட்டில் தோல் வேலையைத் தலைமுறை தலைமுறையாக அருந்ததியர்களின் தலையில் கட்டிவிட்டு, அதைச் செய்கிறார்கள் என்பதற்காகவே அவர்களைத் தள்ளி வைத்த ஊர் இது. இன்று என்னைப்போன்றவர்கள் குளிர்சாதன அறையில் வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டி அதே குத்தூசியைப் பிடிக்கிறோம். எங்களுக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. அந்த மரத்தடிப் பெரியவருக்கு மழை பெய்தால் ஒதுங்கக் கூரை இல்லை. சொல்லிக் கொடுத்ததற்குக் காசு வாங்கவும் அவர் மறுத்துவிட்டார். செருப்பு ஒன்றைத் தைக்கக் கொடுத்த பிறகுதான் கணக்கு நேரானது.

கைத்தையலை நாள் முழுக்கப் போடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆம்பூருக்குப் போ என்று தோழி ஒருத்தி சொன்னாள். அவளுடைய உறவினர்கள் அங்கே இருந்தார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பிரியாணிக்காக நிற்கும் ஊர் அது. ஷூ கம்பெனிகளும் தோல் பதனிடும் தோல்ஷாப்களும்தான் ஊரின் பிழைப்பு. நான் போன வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர் கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்றார்கள். பாலாற்றுப் படுகையில் தோல்ஷாப் கழிவு இறங்கியது பற்றிய வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் கேன்தான் வருகிறது.

வீட்டு நடையில் மூன்று பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சாக்கு நிறைய ஷூவின் மேல்பகுதிகள். அப்பர் என்கிறார்கள். மொக்காசின் வகை ஷூவின் மேலே, விரல்களைச் சுற்றி எழுந்து நிற்குமே ஒரு தடித்த தையல், அதைப் போடுவதுதான் வேலை. கம்பெனியில் வெட்டித் துளையிட்ட துண்டுகளையும் நூலையும் ஏஜென்ட் வண்டியில் கொண்டுவந்து போடுவார். தைத்து முடித்தால் எண்ணி எடுத்துப் போவார்.

அவர்களில் மூத்த அக்கா ஒரு அப்பரை என் கையில் கொடுத்துத் தைக்கச் சொன்னார். மேலே வைக்கும் நாக்குப் போன்ற துண்டின் ஓரம் குட்டை, சுற்றி வரும் பக்கத் துண்டின் ஓரம் நீளம். நீளமானதைக் குட்டையானதோடு பொருத்தினால் மிச்சம் எங்கே போகும்? சின்னச் சின்னச் சுருக்கங்களாக விரல் நுனிப் பக்கம் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாச் சுருக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். என் சுருக்கங்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டன.

“வலது கை பலமா இழுக்குது, இடது கை சும்மா கூட வருது” என்றார் அக்கா. “ரெண்டும் ஒரே நேரத்துல இழுக்கணும், ஒரே நேரத்துல வுடணும். இன்னா அவசரம்? மூச்ச வுட்டுக்கினே இழு.”

இழுக்கும்போது அவர் கையைக் கவனித்தேன். நூல் சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தைச் சுற்றி வருகிறது. அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபின் ரப்பர்த் துண்டைச் சுற்றியிருந்தார். ரப்பரைக் கழற்றிக் காட்டினார். அதற்கு அடியிலும் தோலில் ஆழமான கோடு. கோட்டின் இரு பக்கமும் காய்த்துப் போயிருந்தது. துணி சுற்றினால் நூல் இரண்டே நாளில் அதை அறுத்துவிடும், அதனால் ரப்பர் என்றார். ரப்பர் யோசனை அடுத்த தெருப் பெண் ஒருத்தி சொன்னதாம். அவளுக்கு யார் சொன்னார்களோ.

இந்த வேலையை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தது மாமியார். அக்கா தெருவில் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆள் கூடினால் கிடைக்கும் மூட்டை பங்காகுமே, இருந்தும் ஏன் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டேன். “மூட்டை வந்தா நாளைக்கே கேப்பான். ஒண்டியா முடியுமா?” என்றார். நான் எதிர்பார்த்த பெருந்தன்மைப் பேச்சு எதுவும் வரவில்லை. கெடு நெருங்கும்போது பக்கத்து வீட்டுக் கை வேண்டும், அந்தக் கை சரியாகத் தைக்க வேண்டும். தவறினால் ரிஜெக்ட், ரிஜெக்ட் ஆனால் கூலி போச்சு. ஊசியும் அவர்கள் காசுதான்.

கூலியைக் கேட்டதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோடிக் கணக்கு என்பதோடு பேச்சு நின்றது. நான் வற்புறுத்தவில்லை. பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு அமைப்பும் சேர்ந்து இந்தப் பகுதியில் வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களைப் பற்றி 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடி தைக்கப் பத்து ரூபாய்க்கும் குறைவு என்றது அது. அந்த ஷூக்கள் ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பவை. விலை கூடுவதற்கு ஒரு காரணம் கையால் தைத்தது என்ற அந்த அடையாளம். கம்பெனிப் பதிவேட்டில் இந்தப் பெண்களின் பெயர் இல்லை; பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் தொழிலாளர்களாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை.

கைத்தையல் கற்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது: ஜப்பான் கருவிகளுக்குப் போகாதீர்கள். ஒரு குத்தூசி, இரண்டு மழுங்கல் ஊசி, தேன்மெழுகு, எடைக்கு வாங்கிய ஈ.ஐ. வெட்டுத் துண்டுகள் போதும். தைத்ததைத் தெருவோரத்தில் தைப்பவரிடம் காட்டுங்கள், அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். இன்னொன்று. காலணி, தோல்பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசின் தொழிலாளர் துறையில் தனி நலவாரியமே இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு உதவியிலிருந்து அறுபது வயதுக்குப் பிறகான ஓய்வூதியம் வரை அதில் உண்டு. அந்த நடையில் உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்து யாராவது வீட்டிலோ தெருவிலோ தோல் தைத்தால், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; முடிந்தால் கூடவே போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.