பேராதனையில் ஒரு குருதிக் கொடை

கண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தலதா மாளிகையை வணங்கப் போவார்கள். ஆடி மாதமாயின் பெரஹராவின் யானைகளைப் பார்க்கப் போவார்கள். புதுமணத் தம்பதிகளாயின் ஏரிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொள்ளப் போவார்கள். நான் சென்ற ஆண்டு போனது ஒரு நாயைப் பார்ப்பதற்காக. இதைச் சொன்னபோது கோட்டைப் புகைவண்டி நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்த நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். அன்று அதிகாலை தொலைபேசியில் அக்காளின் குரலைக் கேட்டிருந்தால் அவரும் சிரித்திருக்கமாட்டார்.

"தம்பி, மின்னல் எழும்புகிறானில்லை. முரசெல்லாம் வெள்ளைக் கடதாசி போலக் கிடக்குது. நீ வரக்கூடுமா?" இவ்வளவுதான் அவள் கேட்டாள்.

இறம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்கும். 1867இல் கண்டிக்கு முதல் வண்டி ஓடிய பாதை அது. பத்தலேகல என்னும் தட்டைத்தலைப் பாறையும், கீழே படிப்படியாய் இறங்கும் வயல்களும், பலனைக் கணவாயும் எத்தனை முறை கண்டாலும் அலுக்காதவை. அன்று எனக்கோ அவை வெறும் தூரமாகவே தோன்றின. வண்டி வளைவுகளில் மூச்சுவாங்கும்போதெல்லாம், இதைவிட மின்னல் வேகமாக ஓடிவிடுமே என்று மனம் எண்ணியது.

மின்னல் கிரேஹவுண்ட் இனத்தது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது அக்காளின் கணவரிடம் ஒப்படைத்துச் சென்ற குட்டி. தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்களுக்கு அதன் உருவம் புதியதன்று: ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட மெல்லிய கால்கள். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் பாயக்கூடிய பிராணி. ஆனால் வீட்டிலே அதைப்போல் சோம்பேறி கிடையாது. நாளில் பெரும்பொழுதைச் சாய்மணைக் கதிரையில் உறங்கியே கழித்துவிடும். மலைநாட்டுக்கு இவ்வினம் வந்தது நேற்றல்ல. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென வைத்திருந்த நாய்க் கூட்டத்தில் கிரேஹவுண்டுகளும் இருந்தன. ஹோட்டன் சமவெளியில் அவர் பெயரால் நீர்வீழ்ச்சியும் உண்டு. அந்நாய்கள் பன்றியின் கொம்புக்கும் மரையின் குளம்புக்கும் இரையாயின. நம் மின்னலுக்கு வந்த எதிரியோ எள்ளளவானது: உண்ணி.

பேராதனைச் சந்தியில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். அடுத்த தரிப்பிடத்தின் பெயர் சரசவி உயன. சரசவி என்பது நம் சரசுவதியே. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைச் சர்வகலாசாலை 1952இல் இம்மலைச்சாரலுக்குக் குடிபெயர்ந்தது. ஹந்தானை மலை பின்னே நிற்க, மகாவலி முன்னே ஓட, நடுவே கல்விக்கூடம். இதைவிட நல்ல இடம் கிடைத்திராது. குன்றின்மேல் குறிஞ்சிக்குமரன் கோயில் கொண்டிருக்கிறான். இத்தீவின் மிருக வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பயின்று வெளியேறியதும் இப்பேராதனையில்தான். கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடத்தின் போதனா வைத்தியசாலையின் வாங்கிலேதான் அக்காளைக் கண்டேன். ஒரு பக்கம் கூடைக்குள் பூனை வைத்திருந்த பாட்டி. மறுபக்கம் கயிற்றில் ஆட்டைப் பிடித்திருந்த சிறுவன். மின்னலின் தலை அக்காளின் மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் வாலின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்தது.

நடந்தது இதுதான். நான்கு நாள் முன்னரே மின்னல் உணவை மறுத்திருக்கிறது. முதலிற் காட்டிய வேறோரிடத்தில் இரத்தம் சோதித்தார்கள். நூறு பங்கு இரத்தத்தில் செங்குருதிக் கலங்கள் 38 பங்கு. சாதாரண நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்கலாம்; ஆகையால் பெரிய குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கிரேஹவுண்டின் கணக்கே வேறு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஓட்டத்திற்கென்றே பிறந்த இனமாதலால் அதன் இரத்தத்தில் அக்கலங்கள் 50க்கு மேல், சிலவற்றில் 60க்கும் மேல் இருக்கும். அதற்கு 38 என்பதே அபாய அறிவிப்பு. நாங்கள் பேராதனையில் நின்ற அன்று எண் 14க்கு இறங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருத்தி, இறுதியாண்டு மாணவி, நுணுக்குக்காட்டியில் எங்களுக்கு அதைக் காட்டினாள். செந்நிறக் கலத்தினுள்ளே ஊதாப் புள்ளியாய் ஓர் ஒட்டுண்ணி. அதன் பெயர் பபேசியா கிப்சோனி. உண்ணி கடிக்கும்போது உட்புகுந்து, செங்கலங்களுக்குள் குடியிருந்து, அவற்றை உடைத்து வெளியேறுவது. "இதை முதலில் கண்டுபிடித்ததே எங்கட பக்கம்தான், அங்கிள்" என்றாள் அவள். பிறகு நூலகத்திற் பார்த்தேன்; மெய்தான். சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய வேட்டைக் கழகத்தின் நாய்களிலும், பின்னர் நரியொன்றிலும் இதைக் கண்டு 1910இல் பற்றன் என்னும் அறிஞர் எழுதி வெளியிட்டார். வேட்டையாடிய நாயையும் வேட்டையாடப்பட்ட நரியையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

"ஒட்டுண்ணிக்கு மருந்து தொடங்கிவிட்டோம், ஆனால் மருந்து வேலைசெய்யும்வரை இவன் தாங்கவேண்டும். அதற்கு இரத்தம் வேண்டும், மாலைக்குள் ஒரு நாயைக் கொண்டுவாருங்கள்" என்றார் வைத்தியர். அதோடு நிபந்தனைகளையும் சொன்னார். கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாய், ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குட்பட்டதாய், தடுப்பூசிகள் போடப்பட்டதாய், தானே ஒருபோதும் இரத்தம் பெறாததாய், உண்ணி நோய் அற்றதாய், யாவற்றுக்கும் மேலாக அமைதியான சுபாவமுடையதாய் இருக்கவேண்டும். அக்காள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கலியாணப் பொருத்தம்கூட இவ்வளவு பார்க்கமாட்டினம்" என்றாள். அந்த நேரத்திலும்!

இவ்விடத்தில் வாசகர்கள் அறிய ஒரு செய்தி. உலகில் வெற்றிகரமாய் நடந்த முதல் இரத்தமேற்றல் மனிதருக்கு அன்று, நாய்க்கே. ஹாவி என்பார் இரத்தம் உடலைச் சுற்றியோடுவதை 1628இல் வெளியிட்டு ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்தபின், ஒக்ஸ்போர்டில் றிச்சட் லோவர் என்னும் வைத்தியர் இரத்தம் வடித்துச் சோர்ந்த நாயொன்றுக்கு மற்றொரு நாயின் இரத்தத்தைக் குழாய் வழியே செலுத்தி மீட்டெழுப்பினார். கொடுத்த நாய் பிழைக்கவில்லை. இன்று வைத்தியசாலைகளில் இரத்தம் பெற்றுப் பிழைக்கும் நம்மவர் எல்லோருக்கும் அப்பெயரற்ற நாயிடம் ஒரு கடன் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. தற்காலத்திலோ இங்கிலாந்தில் வீட்டு நாய்களின் கொடையைக் கொண்டு இயங்கும் இரத்த வங்கி 2007 முதல் இருக்கிறது. சென்னை வேப்பேரியில், 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நாய்களுக்கான இரத்த வங்கி உண்டு. வேடிக்கை என்னவெனில், இக்கொடைக்கு மிக உகந்தவை என்று மேல்நாட்டார் தேடுவது கிரேஹவுண்டுகளையே. கலங்கள் நிறைந்த இரத்தம், மெல்லிய தோலின் கீழ்த் தெளிவாய்த் தெரியும் கழுத்து நாளம், சாதுவான குணம். அவற்றுட் பலவற்றின் குருதி மற்ற நாய்களுக்கு ஒத்துப்போகும் வகையினதுமாகும். கொடுக்கவேண்டிய இனத்தில் பிறந்த மின்னல் ஏந்திக் கிடந்தது.

வண்டி பிடித்துக் கண்டி முழுதும் அலைந்தோம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலைக் கடந்தபோது அக்காள் இறங்கவில்லை. கண்ணை மூடிக் கையை மட்டும் கூப்பினாள். முதலிற் கிடைத்தது கடைக்காரர் ஒருவரின் அல்சேஷன். ஆள் போன்ற நாய். பேராதனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் அதன் இரத்தத்திலும் அதே ஊதாப் புள்ளிகள்! நோயின் அடையாளம் வெளியே ஒன்றுமில்லை. அக்கடைக்காரர் தம் நாய்க்கு மருந்து எழுதுவித்துக்கொண்டு எங்களுக்கு நன்றி சொல்லிப் போனார். இரண்டாவது நாய் நல்ல நாய்தான். தராசில் 17 கிலோ. இதற்கிடையே வண்டியோட்டி, "றோட்டிலே எத்தனையோ நாய் திரியுதே, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவமா?" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் எங்களிருவருக்கும் அது மனமொப்பவில்லை. கேட்பாரற்றது என்பதனாலேயே அதனிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது கொடையாகுமா?

மூன்றாவது வீடு அம்பிட்டியவில், அக்காளின் தெருவிலேயே. ஓய்வுபெற்ற தபாற்காரர், சிங்களவர். அவரிடம் டைகர் என்றொரு கலப்பின நாய், 31 கிலோ, நான்கு வயது. நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நெடுநேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மல்லி, வெசாக் தினத்தில் பன்சலையில் நான் இரத்தம் கொடுப்பேன். அது என் விருப்பம். இவன் கொடுப்பது யாருடைய விருப்பம்?" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. இலங்கையிலே மனிதருக்கான இரத்தம் முழுவதும் விலையின்றி, மனமுவந்து கொடுப்பவர்களிடமிருந்தே கிடைக்கிறது, 2014இலிருந்து அந்நிலை. போயா தினங்களில் பன்சலை மண்டபத்தில் வரிசையாய்க் கட்டில்கள் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அம்மரபில் வளர்ந்த மனிதர் கேட்கும் கேள்வி அது, எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. கடைசியில் அவரே வழி கண்டார். "நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் இழுத்துக்கொண்டால், வேண்டாம் என்கிறான் என்று பொருள். அப்போது நிறுத்திவிடவேண்டும். சம்மதமா?" அக்காள், "சம்மதம், ஐயா" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

சோதனைகளுக்கு நேரம் பிடித்தது. நாய்களுக்கும் இரத்த வகைகள் பல உண்டு. முதன்முறை ஏற்றும்போது பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. இரண்டாம் முறையாயின் உடல் எதிர்த்தெழும். ஆயினும் இரு இரத்தங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தே வைத்தியர் தலையசைத்தார். காத்திருந்தபோது நான் மட்டும் நடந்து, மகாவலி மூன்று பக்கமும் வளைத்தோடும் தாவரவியற் பூங்காவுக்குப் போய்வந்தேன். 1821இல் அமைந்தது, இரண்டாம் உலகப் போரில் 1944 முதல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை வைத்திருந்த இடம். மரங்களில் பெரிய வௌவால்கள் பழங்களைப்போலத் தலைகீழாய்த் தொங்கின. வேறொன்றும் நினைவில் நிற்கவில்லை.

டைகரை மேசையில் ஏற்றிக் கழுத்து மயிரைச் சிறிது மழித்து ஊசி குத்தினார்கள். தபாற்காரர் அதன் நெற்றியில் தம் நெற்றியை வைத்துச் சிங்களத்தில் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். பை மெதுவாகச் சிவந்தது. அக்காள் பையைப் பார்க்கவில்லை. நாயின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், இழுக்கிறதா என்று. பத்து நிமிடமும் ஆகவில்லை, 450 மில்லிலீற்றர் நிறைந்தது. டைகர் இழுக்கவில்லை. இறக்கிவிட்டதும் உடம்பை உதறிக்கொண்டு, தட்டிலிருந்த இறைச்சியைத் தின்றுவிட்டு, ஆட்டுச் சிறுவனிடம் போய் மோந்து பார்த்தது. பணம் கொடுக்க நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டதைக் கண்டு தபாற்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையை எடுத்துவிட்டேன்.

ஏற்றுவதோ நெடுவேலை. முதல் அரைமணி நேரம் துளித்துளியாய். காய்ச்சலோ நடுக்கமோ வருகிறதா என்று பார்த்தபின் சற்று விரைவாய். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டுமாம். வெளியே இருட்டி மழை பிடித்துக்கொண்டது. எட்டு மணியளவில் மின்னல் தலையைத் தூக்கி அக்காளின் கையை நக்கியது. முரசைத் தூக்கிப் பார்த்தோம். வெள்ளைக் கடதாசியில் ரோசாப்பூவின் சாயை. அக்காள் அப்போதுதான் அழுதாள்.

சுகமாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். இவ்வொட்டுண்ணி முற்றாய் ஒழிவது அரிது. ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டும். இரண்டு முறை அப்படிக் காட்டவும் செய்தது. மின்னல் இனி எந்த நாய்க்கும் இரத்தம் கொடுக்க முடியாது. நோயுற்றதும் இரத்தம் பெற்றதும் ஆகிய இரண்டும் தடை. இச்செய்தி அக்காளை வருத்தியதுபோல நோய்கூட வருத்தவில்லை. கடன்பட்டு நிற்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் பிடிக்காது.

சென்ற மாதம் மீண்டும் போயிருந்தேன். விடியலில் மூவரும் ஏரியைச் சுற்றி நடந்தோம். கண்டியின் கடைசி அரசன், மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் வயலை ஏரியாக்கினான். எட்டு ஆண்டுகளில் நாடிழந்து, வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். அவன் ஏரிக்கரையில் மின்னல் முன்போல் பாயவில்லை, நடந்தது. வாத்துகளைக் கண்டபோது மட்டும் காது நிமிர்ந்தது.

அன்றிரவு பத்து மணிக்குத் தொலைபேசி மணியடித்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து அறிமுகமில்லாத குரல். அவர்கள் நாய்க்கு எண் 12. அக்காள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்தாள். உள்ளே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாய் வரிசைகள்: நாயின் பெயர், எடை, வயது, கடைசியாய்க் கொடுத்த திகதி, வீட்டாரின் தொலைபேசி எண். பதினொரு நாய்கள். ஓராண்டாய் அவள் வீடுவீடாய்ப் போய்க் கேட்டு எழுதியது. எல்லார் வீட்டிலும் தபாற்காரரின் நிபந்தனையைச் சொல்லித்தான் சேர்த்தாளாம். விரல் முதல் வரிசையில் நின்றது.

"டைகர் கொடுத்து இன்னும் எட்டுக் கிழமை ஆகவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தென்னக்கும்புரையில் ஓர் எண்ணைச் சுழற்றினாள். சாய்மணைக் கதிரையில் மின்னல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.