யூட்டாவின் ஊர்ப்பெயர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநில வரைபடத்தை விரித்தால் மோவாப், எப்பிராயீம், யோர்தான் நதி என்று நம் தமிழ் வேதாகமத்தில் படித்த பெயர்களாக வரும். மகள் அங்கே இருப்பதால் இரண்டு முறை போய் வந்தேன். தபால் துறையில் காலம் கழித்தவனுக்கு ஊர்ப்பெயரைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காரணம் மார்மன்கள். அவர்களுடைய நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844-இல் இல்லினாய் மாநிலத்தில் கொல்லப்பட்டார். அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள், 1847 ஜூலையில் பிரிகம் யங் தலைமையில் பெரிய உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அது மெக்சிகோவின் நிலம். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் போலத்தான் தங்களை நினைத்தார்கள். அங்கே ஓர் ஆறு, நன்னீர் ஏரியிலிருந்து புறப்பட்டு உப்பு ஏரியில் போய் விழுந்தது. கலிலேயாக் கடலிலிருந்து சாக்கடலுக்கு ஓடும் யோர்தானும் அப்படித்தானே! அது தெற்கே ஓடுகிறது, இது வடக்கே ஓடுகிறது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

நீஃபை, லீஹை, மேன்டை ஆகிய ஊர்களின் பெயர்கள் மார்மன் வேதநூலிலிருந்து வந்தவை. பிரிகம் சிட்டி தலைவரின் பெயர். ஆனால் ஆக்டன், புரோவோ இரண்டும் அவர்களுக்கு முன்பே அந்தப் பக்கம் வந்த தோல் வியாபாரிகளின் பெயர்கள்.

மாநிலத்துக்கு அவர்கள் கேட்ட பெயர் டெசரெட். அவர்கள் வேதநூலில் அதற்குத் தேனீ என்று பொருள். 1850-இல் அமெரிக்க காங்கிரஸ் அதை ஏற்காமல், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த யூட் பழங்குடியினரின் பெயரால் யூட்டா என்று வைத்தது. தேன்கூடு மட்டும் மாநிலக் கொடியில் இன்றும் இருக்கிறது.

தெற்கே நடந்தது நேர்மாறு. செந்நிறப் பாறைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கை 1909-இல் அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தபோது, பையூட் பழங்குடியினரின் மொழியிலிருந்து முகூன்டுவீப் என்று பெயரிட்டது. பலருக்கு அது வாயில் நுழையவில்லை. 1918-இல் குடியேறிகள் வழங்கிய சீயோன் என்ற பெயருக்கே மாற்றினார்கள். 1919-இல் அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே ஸயன் என்கிறார்கள்.

வீடிழந்து வந்தவர்கள் சீயோன் என்று ஓர் இடத்தை அழைத்ததில் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இடத்துக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது, அதைச் சொல்லி அழைத்தவர்களும் இருந்தார்கள். பழைய பெயரில் முகவரி எழுதி வந்த கடிதத்தையும் உரிய ஊருக்குச் சேர்ப்பதுதான் எங்கள் துறையின் வழக்கம்.

பேத்தியும் நானும் முகூன்டுவீப் என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தோம். அப்படியொன்றும் வாயில் நுழையாத பெயர் இல்லை.